கடலுக்குப் போற தண்ணி வீணா?

(தோட்ட சமூக மண்டபத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து கூடுற நேரத்தில் கூட்டம் வைத்தால் ஆள் சேராது என்று தலைவர்மார் சொன்னார்கள். மண்டபம் நிறைந்துதான் இருக்கிறது, சந்தோஷம். பிள்ளைகளின் நிறை பார்க்கிற அட்டை பற்றி மருத்துவிச்சி அம்மா சொல்ல வேண்டியது கடைசியில் இருக்கு. அதுவரைக்கும் தயவுசெய்து யாரும் எழும்பிப் போக வேண்டாம்.

இன்றைக்கு நாம் பேசப்போவது யாழ்ப்பாணத் தீவுப்பகுதி பற்றி. அதற்கும் நமக்கும் என்ன என்று கேட்பீங்க. ஆனி மாதம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு பஸ் பிடித்துப் போய் வந்தோம் அல்லவா? பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீராகவே போய், குறிகாட்டுவானில் வள்ளம் ஏறினோம். திரும்பி வந்த பிறகு மேல் கணக்கு, பணிய கணக்கு இரண்டிலும் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சுற்றிலும் கடல். குடிக்கத் தண்ணி மட்டும் பவுசரில் வருது. இங்க மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணி சும்மா கடலுக்குப் போகுது! அந்த ஊருக்கு ஒரு ஆறு வெட்டிவிட்டால் என்ன?"

நல்ல மனசோடு கேட்ட கேள்வி. இதையே வெள்ளைக்காரத் துரைமாரும் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக நெடுங்காலம் இருந்த துவைனம் துரை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இதைப் பற்றி யோசித்தார். பிறகு 1950-களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் முழுத் திட்டமாகவே எழுதி வைத்தார். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று அதற்குப் பெயர். பெரிய படிப்பாளி, ஊருக்கு நல்லது நினைத்த மனிதர். அவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தை முழுசாகச் செய்ய வேண்டாம் என்று களப்பு மீனவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் நமது எண்ணம்.

முதலில் அந்த ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வரைந்து கொள்ளுங்க. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, வருடம் பூரா ஓடுகிற ஆறும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கு. மாரியில் மட்டும் ஓடி, அராலியில் கடலில் சேரும். அராலிக்கு எதிர்ப்பக்கம் தெரிகிற கரைதான் வேலணை, ஊர்காவற்றுறை எல்லாம். தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, உள்ளே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து கொண்டு நிற்கும். ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்க. அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர். மோட்டர் போட்டு இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். தீவுகளில் அந்த மேல் தண்ணீர் மிகவும் மெல்லிசு. வேலணையில் சாட்டிப் பக்கத்து மணல் நிலத்தில் நல்ல கிணறு இருக்கு. அங்கேயிருந்துதான் மற்ற ஊர்களுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்து வந்தார்கள். அந்த மணலையும் வெட்டி விற்றவர்கள் உண்டு, அது வேறு கதை. நெடுந்தீவில் கோடை கடுமையானால் அங்கே காட்டில் திரிகிற குதிரைகளே தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும்.

குடாநாட்டுக்கும் வன்னிக்கும் நடுவிலும், குடாநாட்டுக்கு உள்ளேயும், கடல் கையை நீட்டினது போல ஆழமில்லாத தண்ணீர்ப் பரப்புகள் இருக்கின்றன. களப்பு என்றும் கடல்நீரேரி என்றும் சொல்வார்கள். ஆனையிறவுக் களப்பு ஒன்று, வடமராட்சிக் களப்பு ஒன்று, உப்பாறு ஒன்று. வன்னியிலிருந்து வருகிற கனகராயன் ஆறு முதலான ஆறுகள் மாரியில் ஆனையிறவுக் களப்பில் விழுந்து, கிழக்கே சுண்டிக்குளத்தில் முகத்துவாரம் உடைத்துக் கடலுக்குப் போகும். வடமராட்சிக் களப்பு தொண்டைமானாற்றில் கடலைச் சேரும். உப்பாறு அரியாலையில் வந்து யாழ்ப்பாணப் பெருங்களப்பில் விழும். அந்தப் பெருங்களப்புத்தான் மண்டைதீவு, வேலணைப் பக்கமாகத் தீவுகளுக்கு நடுவே போய்ப் பெரிய கடலோடு சேர்கிறது. நாம் பண்ணை ரோட்டில் போகும்போது பார்த்தது அதைத்தான்.

திட்டம் என்னவென்றால், சுண்டிக்குளத்தில் ஒரு பெரிய கட்டு. வன்னித் தண்ணீர் கடலுக்குப் போகாமல் ஆனையிறவுக் களப்பிலேயே நிற்கும். அங்கேயிருந்து முள்ளியானில் ஏறக்குறைய 4 கிலோமீற்றருக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, வடமராட்சிக் களப்புக்குள் விட வேண்டும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்ட அணைகள். உப்புத் தண்ணீர் உள்ளே வராது, நல்ல தண்ணீர் வெளியே போகாது. சில வருடங்களில் மூன்று களப்பும் நல்ல தண்ணீர் ஏரியாகிவிடும், சுற்றியுள்ள கிணறுகளும் இனிக்கும், உவர் நிலத்தில் நெல் விளையும் என்பது கணக்கு.

இதில் பாதி நடந்தது. தொண்டைமானாறு, அரியாலை அணைகளைக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் பக்கத்துக் கிணறுகளில் உவர் குறைந்தது, வயலும் கொஞ்சம் தேறியது என்பதை மறைக்கக் கூடாது. சுண்டிக்குளக் கட்டை வெள்ளம் உடைத்துக்கொண்டு போய்விட்டது. முள்ளியான் வாய்க்கால் அரைகுறையாக நின்றது. பிறகு போர் வந்தது. கதவுகளைப் பராமரிக்க ஆள் இல்லை, உப்புத் தண்ணீர் பழையபடி ஏறி இறங்கியது. 2009-க்குப் பிறகு அந்தப் பழைய வரைபடத்தை ஒவ்வொரு தடவையும் யாராவது தூசி தட்டி எடுக்கிறார்கள். மீனவர்களும் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்கிறார்கள்.

ஏன் வேண்டாம் என்கிறார்கள்? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேணும்.

திரும்பி வருகிற வழியில் கடற்கோட்டை பார்க்கலாம் என்று ஊர்காவற்றுறைக்கும் பஸ்ஸை விட்டோம். இறங்குதுறையில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டு இருந்தார். ஆறு வெட்டுகிற பேச்சை நாம்தான் எடுத்தோம். அவர் தலை நிமிராமலே சொன்னார்: "தண்ணி வேண்டாமெண்டு ஆர் தம்பி சொன்னது? என்ர வீட்டிலயும் பரலுக்குத்தான் தண்ணி. ஆனா வாயைப் பூட்டினா இறால் எங்காலை உள்ளுக்கு வாறது? தண்ணியை மட்டும் குடிச்சுக்கொண்டு சீவிக்கேலுமே?"

அவர் சொன்ன 'வாய்' என்பது முகத்துவாரம். தாய் இறால் பெரிய கடலில்தான் முட்டை விடும். குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு இருக்கும்போதே அலையோடு மிதந்து களப்புக்குள் வந்துவிடும். அங்கே ஆழம் இல்லை, பெரிய மீன் குறைவு, சாதாழையும் கண்டல் வேரும் ஒளிந்துகொள்ள இடம் தரும், சேற்றில் தீனி இருக்கும். சில மாதம் அங்கே வளர்ந்து, திரும்பவும் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் முட்டை விடும். மணலை, ஓரா போன்ற மீன்களின் குஞ்சுகளும் அப்படித்தான் களப்புக்குள் வந்து வளரும். நம்ம தாய்மாருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், களப்பு என்பது கடலின் பிள்ளைக் காம்பரா. நீங்கள் காலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுறீங்க. பிள்ளைக் காம்பராவைப் பூட்டிவிட்டால் கொழுந்து எடுக்கப் போக முடியுமா? பூட்டியவர் "நான் மலையில் கை வைக்கவே இல்லையே" என்று சொல்லலாம். ஆனாலும் அன்றைக்கு நிறுவைக்குக் கொழுந்து வராது.

இன்னொன்று. களப்புக்கு உப்புத் தண்ணீரும் வேணும், மாரியில் வருகிற நல்ல தண்ணீரும் வேணும். இரண்டும் கலந்த கலவையில்தான் அந்த உயிர்கள் வளரும். மழை வெள்ளம் மேட்டு நிலத்திலிருந்து சத்தை அள்ளிக்கொண்டு வரும். அதைத் தின்றுதான் நுண்ணிய பாசி வளர்கிறது, பாசியைத் தின்று குஞ்சு வளர்கிறது. ஆகவே ஆற்றுத் தண்ணீர் கடலில் விழுவதை வீண் என்று சொல்லுவது, மீன் குழம்பு சாப்பிடுகிற நாம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. சந்தையில் வாங்குகிற இறால் கூனி, கருவாடு, நெத்தலி எல்லாம் ஏதாவது ஒரு முகத்துவாரத்துக்குக் கடன்பட்டது.

பறவைகளும் இருக்கின்றன. வெளியூர்க் குளிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். சிவப்புக் காலோடு பூநாரை கூட்டமாக நிற்பதைப் பண்ணைப் பக்கத்தில் பார்த்ததாகச் சில பிள்ளைகள் சொன்னார்கள். சுண்டிக்குளம் 1938-லேயே பறவைகள் சரணாலயம். 2015-ல் தேசிய பூங்காவாக்கினார்கள். அங்கேதான் அந்தப் பெரிய கட்டு வர வேணும்.

சரி, மீனவர் கஷ்டப்பட்டாலும் தீவுக்குத் தண்ணீர் கிடைக்குமே என்று கேட்கலாம். அதுவும் கிடைக்காது. களப்புகள் நல்ல தண்ணீரானால் அவற்றின் கரையில் உள்ள வடமராட்சி, தென்மராட்சிக் கிணறுகள்தான் இனிக்கும். நிலத்தடித் தண்ணீர் கடலுக்கு அடியால் நடந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகாது. குழாய் போட்டுத்தான் கொண்டுபோக வேணும், குழாய் என்றால் பிறகு எந்தத் தண்ணீரையும் கொண்டுபோகலாம். போதாக்குறைக்கு இந்தக் களப்புகள் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லாதவை. அந்த வெயிலிலும் காற்றிலும் கோடையில் பெரும் பங்கு ஆவியாகிவிடும். மிச்சம் நிற்பதிலும், காலங்காலமாக அடியில் படிந்த உப்பு கரைந்துகொண்டே இருக்கும். தண்ணீர் இல்லாத தீவு மக்களைக் காட்டித் திட்டத்துக்கு நியாயம் சொல்கிறார்கள். அவர்கள் மீன் பிடிக்கிற களப்போ அரியாலை அணைக்கு வெளியே இருக்கிறது. திட்டம் வந்தால் அந்தப் பக்கம் உப்பாற்றிலிருந்து வருகிற மாரி வெள்ளம் குறையும். உள்ளே போய் வளர்ந்து வெளியே வருகிற குஞ்சும் வராது.

இப்படி முகத்துவாரத்தைப் பூட்டிய ஊர்கள் வேறு இடங்களில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். கேரளாவில் வேம்பநாட்டுக் காயல் என்று பெரிய களப்பு. அதன் கரையில் குட்டநாடு, கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற பூமி. நெல்லுக்கு உப்பு ஏறக் கூடாது என்று 1970-களின் நடுவில் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே கதவணை போட்டார்கள். கோடையில் கதவைப் பூட்டிவிடுவார்கள். நெல் கூடியது, சரி. ஆனால் அலை ஏறி இறங்கிக் கழுவிக்கொண்டு போன அழுக்கும் வயல் மருந்தும் உள்ளேயே தங்கிவிட்டது. ஆகாயத்தாமரை தண்ணீரை மூடிக்கொண்டு வள்ளம் போகவிடாமல் நின்றது. மீனும் இறாலும் மட்டியும் குறைந்துபோயின. இன்றுவரை கதவை எந்தத் தேதியில் திறப்பது என்று உழவருக்கும் மீனவருக்கும் ஒவ்வொரு வருடமும் தகராறு. இரண்டு பேருமே ஏழைகள், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஜப்பானில் இசகாயா விரிகுடாவை 1997-ல் 7 கிலோமீற்றர் அணை கட்டி மூடினார்கள். 2000-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பக்கத்துக் கடலில் வளர்க்கிற கடற்பாசி பெரிய அளவில் பிழைத்துப்போனது. மீனவர்கள் வழக்குப் போட்டார்கள், 2010-ல் நீதிமன்றம் கதவைத் திறந்து பார்க்கச் சொன்னது. உள்ளே நிலம் பெற்ற விவசாயிகள் திறக்கக் கூடாது என்று எதிர்வழக்கு. வழக்கு 2023 வரை இழுத்து, கதவு மூடியபடியே நிற்கிறது. அவ்வளவு பணமும் படிப்பும் உள்ள நாட்டிலேயே, பூட்டியதைத் திறப்பது இவ்வளவு பாடு.

இனி நமக்குச் சொந்தமான ஒரு விஷயத்துக்கு வருவோம். களப்பை விட்டுவிட்டு, தண்ணீரை இரணைமடுக் குளத்திலிருந்தே யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகலாம் என்று 2010-ல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு ஒரு திட்டம் வந்தது. இரணைமடு எதில் இருக்கிறது? நாம் மேலே சொன்ன அதே கனகராயன் ஆற்றில். அந்தத் தண்ணீரை நம்பி இருப்பவர்கள் கிளிநொச்சி விவசாயிகள். அவர்கள் எதிர்த்தார்கள். பத்திரிகைகளில் இதை யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் சண்டை என்று எழுதினார்கள். ஆனால் அந்தக் கிளிநொச்சியில் இருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். 1958-லும் 1977-லும் 1983-லும் அடிபட்டு, லயத்தை விட்டு, துணி மூட்டையோடு வன்னிக்கு ஏறிப்போன நம்ம சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே! அவர்களில் பலருக்கு வாய்க்கால் தண்ணீர் உரிமையுள்ள வயல் கிடையாது, கூலிக்குப் போகிறவர்கள். சிறுபோகம் குறைந்தால் முதலில் வேலை இழப்பது அவர்கள்தான். விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு அந்த யோசனை கைவிடப்பட்டு, கடல் தண்ணீரையே சுத்திகரிப்பது என்று முடிவானது. தாளையடியில் கட்டி 2024 ஓகஸ்ட் மாதம் திறந்த நிலையம் அதுதான்; நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடியது. அதற்கும் அங்கத்தைய மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், கடும் உப்புத் தண்ணீரைத் திரும்பக் கடலில் விடுவதால். மின்சாரச் செலவும் பெரிது. கடலுக்கு நோகாத திட்டம் என்று அதையும் நாம் சொல்லமாட்டோம். ஆனாலும் ஒரு குழாயின் வாயைக் கண்காணிக்கலாம், தவறானால் மாற்றலாம். மூன்று களப்பைப் பூட்டிவிட்டு அப்படிச் செய்ய முடியாது.

ஆற்றுத் திட்டம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1960-களில் காசல்ரீயும் மவுசாகலையும் கட்டினபோது தேயிலை மலைகள் தண்ணீருக்குள் போயின. பழைய மஸ்கெலியா டவுனே போனது. கோடையில் தண்ணீர் வற்றும்போது பழைய கோவிலின் கோபுரம் வெளியே தெரிவதைப் பார்க்கக் கூட்டம் போகிறது, பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அந்தக் கோவில் வாசலில் விளையாடிய கிழவிமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நாட்டுக்கு மின்சாரம் வந்தது. நம்ம லயங்களுக்கு அந்த வெளிச்சம் வர எத்தனை வருடம் எடுத்தது என்பதை நீங்களே சொல்லுங்க.

ஆனால் மேல் கொத்மலைத் திட்டத்தில் வேறு மாதிரி நடந்தது. முதல் வரைபடத்தில் கொத்மலை ஓயாவோடு பக்கத்து ஓடைகளையும் சுரங்கத்துக்குள் திருப்புவதாக இருந்தது. அப்படிச் செய்தால் பல நீர்வீழ்ச்சிகள் காய்ந்துபோகும். தொழிற்சங்கங்கள், சுற்றாடல் அமைப்புகள், இந்தப் பகுதிச் சனங்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். 1990-களில் முதலில் சுற்றாடல் அனுமதியே கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்து, நிபந்தனைகளோடுதான் அனுமதி வந்தது. ஓடைகளைத் திருப்புவது கைவிடப்பட்டது. சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகல் நேரத்தில் தண்ணீர் விட வேணும் என்று நிபந்தனை போட்டார்கள். 2012-ல் 150 மெகாவாட் நிலையமாகத் திறந்தார்கள். தலவாக்கலையில் இடம் பெயர்ந்த குடும்பங்களின் மனக்குறை எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் சும்மா இருந்திருந்தால் டெவன் பக்கம் இன்றைக்கு வெறும் பாறைதான். அபிவிருத்திக்கு எதிரி என்று அன்றைக்கு நம்மையும் ஏசினார்கள். அதனால் யாழ்ப்பாண மீனவரை அப்படி ஏசுகிறவர்களோடு நாம் சேர்ந்து ஏச முடியாது.

அப்படியானால் தீவுக்காரர் குடிக்க என்ன வழி? பெரிய திட்டத்தைப் பற்றிப் பேசுகிற ஆட்கள் சின்ன வேலையை மறந்துவிடுகிறார்கள் என்பது நம்ம அனுபவம். நம்ம பீலிக்கரையில் குழாய் ஒழுகினதை அடைக்க மூன்று மாதம், புதுத் தண்ணித் திட்டத்துக்குக் கல் வைக்க மட்டும் ஒரே நாள்! தீவுகளில் ஊருக்கு ஊர் குளம், கேணி, தரவை என்று மாரித் தண்ணீர் தங்குகிற பள்ளங்கள் இருக்கின்றன. போர்க்காலத்தில் சனம் இடம்பெயர்ந்ததால் பல தூர்ந்துபோயின. தூர் வாரினால் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும், கிணறு தேறும். கடலோரத்து உவர்த் தடுப்புச் சிறு கட்டுகளைச் சரிபார்த்தால் வயலுக்குள் உப்பு ஏறாது. அதற்காகக் களப்பு முழுவதையும் பூட்டத் தேவையில்லை. சின்னத் தீவுகளில் உவர்நீரைச் சுத்திகரிக்கிற சிறு இயந்திரங்களும் உதவும், பழுது பார்க்க ஊரிலேயே ஒரு பையனைப் பழக்கி வைத்தால்.

கூரைத் தண்ணீர் இருக்கவே இருக்கு. ஒரு கணக்குச் சொல்றோம், படிக்கிற பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்க. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1,000 மில்லிமீற்றர் என்று குறைத்தே வைப்போம். 40 சதுர மீற்றர் கூரையில் 40,000 லீற்றர் விழும். கால் பங்கு சிந்திப்போனாலும் 30,000 மிச்சம். 5 பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லீற்றர் என்றால் நாளைக்கு 50. ஆக 8,000 லீற்றர் சீமெந்துத் தொட்டி ஒன்று நிறைந்திருந்தால் 160 நாள் ஓடும். மார்கழியில் நிறைத்தால் சித்திரை தாண்டிப் போகலாம், நடுவில் பெய்கிற சித்திரை மழை இன்னும் கொஞ்சம் சேர்க்கும். குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு இது போதாதுதான். ஆனால் நெடுந்தீவுத் தாய் குடத்தோடு நிற்கிற வரிசை குறையும். தகரக் கூரையும் பீலியும் சுத்தமாக இருக்க வேணும், முதல் மழையை வெளியே விட வேணும், தொட்டிக்கு நுளம்பு வலை போட வேணும். நம்ம மேட்டு லயத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும், மாசி மாதத்தில் அங்கே பீலி வற்றுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அந்தப் பெரியவர், "மலைநாட்டுச் சனம் இதுக்கு என்ன செய்யும் தம்பி?" என்று கேட்டார். செய்யலாம். 1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் 1988-ல் அதற்குச் செய்த திருத்தமும் என்ன சொல்கிறது என்றால், இப்படிப்பட்ட பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் பாதிப்பு அறிக்கை தயாரித்தால் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேணும். 30 நாள் தவணை. பத்திரிகையில் அறிவித்தல் வரும். யாரும் எழுதலாம், எந்த மாவட்டத்து ஆளும் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். பெரிய படிப்பு வேண்டாம். பெயர், விலாசம், என்ன பாதிப்பு, என்ன மாற்று வழி, இவ்வளவு போதும். மேல் கொத்மலை விஷயத்தில் எழுதிய அனுபவம் உள்ளவர்கள் நம்ம பகுதியிலேயே இருக்கிறார்கள்.

வடமராட்சிக் களப்பு, உப்பாறு, ஆனையிறவு என்ற பெயர்களோடு அப்படி அறிவித்தல் பத்திரிகையில் வந்தால் வெட்டி எடுத்து நலன்புரிக் காரியாலயத்துப் பலகையில் குத்துவோம். கிளிநொச்சியில் சொந்தக்காரர் உள்ள வீடுகள் எவை என்று பெயர் எடுக்க ஒரு கொப்பி மேசையில் வைத்திருக்கிறோம். அவர்களிடமும் கேட்டு, இரணைமடுத் தண்ணீர் பற்றி அவர்கள் சொல்வதையும் சேர்த்துத்தான் எழுத வேணும். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமாரும் பெயர் கொடுக்கலாம், கைநாட்டுச் செல்லும். இனி மருத்துவிச்சி அம்மா பேசுவார்.